பதினான்காம் கூடு

காலை ஏழரைக்கு நீக்கிலாஸ் முதல் எலியைக் கையில் எடுப்பார். அதன் நெஞ்சு தன் மணிக்கட்டில் சாய்ந்திருக்கும்படி இடது கையால் தாங்கி, வலது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அடிவயிற்றைத் தேடுவார். முள்ளந்தண்டில் காயப்பட்ட எலிக்குத் தானாகச் சிறுநீர் போகாது. சலப்பை கொடிமுந்திரிப்பழம் போல உருண்டு நிற்கும். அதை மேலிருந்து கீழாக, அவசரப்படாமல் அழுத்தி வடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் பை கிழிந்துவிடும். குறைந்தால் மிஞ்சியது பழுதாகி, நாலைந்து நாளில் எலி செத்துப்போகும். மொத்தம் இருபத்துநான்கு எலிகள். காலையில் ஒருமுறை, பின்னேரம் நாலு மணிக்கு மறுபடி. சனி, ஞாயிறு, நத்தார் விடுமுறை எல்லாம் மனிதருக்குத்தான்.

ரொறன்ரோ நகர நடுவில் இருக்கும் அந்த ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு அவர் முதலில் வந்தது நிலம் துடைக்க. அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் பத்தொன்பதாம் மாடியில் ஆறு பேரோடு ஒரு வீட்டில் இருந்தார். வேலைக்கு நடந்தே வருவார். எலி அறையின் வாசலைத் துடைக்கிற நேரத்தில் உள்ளே நடப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஆள் குறைந்தபோது, "நான் பிடிக்கிறன்" என்று கையுறை போட்டவர்தான். பிறகு புத்தகம் வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்து, மூன்றாம் தடவை பரீட்சையில் சித்தியெய்தி, விலங்குப் பராமரிப்பாளர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். இப்போது ஐம்பத்தேழு வயது. அவருடைய கையில் இதுவரை ஒரு பையும் கிழிந்ததில்லை.

இந்த முறை வந்த ஆய்வு மட்டும் அவரை இருக்கவிடவில்லை. காரணம் வீட்டில் இருந்தது. மனைவி வேரோனிக்காவின் தம்பி றொய்சன், பதினொரு வருடத்துக்கு முன் மார்க்கம் நகரில் ஒரு வீட்டுக்கூரைக்கு ஓடு அடிக்கும்போது விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வோபர்னில் நிலமட்ட அப்பார்ட்மென்றில் அவர்களோடுதான் இருக்கிறான்.

ஆய்வைச் செய்பவள் நதீஷா. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை, கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். முதல் நாளே நீக்கிலாஸ் அவளிடம் கேட்டார்: "பிள்ளை, இந்த ஊசி என்ன செய்யும்?"

"மூளையில இருந்து செரட்டோனின் எண்டு ஒண்டு கீழ இறங்கும், அங்கிள். காலை ஆட்டுற நரம்பை அதுதான் முழிப்பா வச்சிருக்கிறது. முள்ளந்தண்டு அடிபட்டா அது இறங்காது. வைஃபை போன வீடு மாதிரி. டிவைஸ் எல்லாம் இருக்கு, சிக்னல் இல்லை."

"ஊசி?"

"மாஜிக் மஷ்றூம் இருக்கெல்லே, அந்தக் குடும்பத்து மருந்து. செரட்டோனின் தட்டுற அதே கதவைத் தட்டும். தலைக்கு ஏறாத அளவில குடுத்து, கால் முழிக்குதோ எண்டு பாக்கிறம்."

பன்னிரண்டு எலிகளுக்கு மருந்து, பன்னிரண்டுக்கு வெறும் உப்புநீர். எந்தக் கூட்டுக்கு எது என்ற பட்டியல் ஒட்டிய உறையில் இன்னொருவரிடம் இருந்தது. ஊசி போடுபவருக்கும் தெரியாது. நதீஷாவுக்கும் தெரியாது. செவ்வாயும் வெள்ளியும் எலிகளை ஒரு கண்ணாடிப் பாதையில் விட்டுப் படம் எடுப்பார்கள். படத்தைப் பார்த்து நதீஷா கால் அசைவுக்கு இருபத்தொன்றுக்கு இத்தனை என்று புள்ளி போடுவாள். படம் எடுக்குமுன் சலப்பை காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. அதையும் நீக்கிலாஸ்தான் வடித்துக் கொடுப்பார்.

இரண்டாம் கிழமை, ஒரு புதன் பின்னேரம், பதினான்காம் கூட்டு எலியை அழுத்தும்போது அதன் பின்னங்கால் அவருடைய பெருவிரலைத் தள்ளியது.

அவர் கையைத் தளர்த்தினார். கால் தொங்கியது. மறுபடி அழுத்தினார். மறுபடி தள்ளியது. வலுவான தள்ளல். எலியைக் கூட்டில் விட்டுவிட்டுக் கொஞ்சநேரம் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் பதினேழு உதைத்தது. பிறகு மூன்று. ஒரு கிழமைக்குள் ஒன்பது எலிகள். அலுவலகத் தாளில் சலத்தின் அளவு, நிறம், காயம், நிறை என்று நாலு நிரல்கள்தான். காலுக்கு நிரல் இல்லை. ஆகவே அவர் தன் சட்டைப்பைக் கொப்பியில் கூட்டு இலக்கத்தை எழுதி, உதைத்த ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு புள்ளி வைத்தார்.

நடைவழியில் நதீஷாவைக் கண்டதும் சொல்லப் போனார்.

"பிள்ளை, பதினாலு இருக்கெல்லே..."

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஐயோ, நோ அங்கிள்! கூட்டு நம்பர் சொல்லாதேங்கோ. மார்க் போடுறது நான். எது நல்லாயிருக்கு எண்டு காதில விழுந்தால் என்ர மார்க் எல்லாம் பிழைச்சுப்போம். ப்ளீஸ்."

"நல்ல விசயம்தான் பிள்ளை."

"நல்ல விசயம் எண்டும் சொல்லாதேங்கோ!" என்று சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

சொல்ல முடியாமற்போன விசயம் அவரோடு சுரங்க ரயில் ஏறி, கெனடியில் இறங்கி, பஸ் பிடித்து, வோபர்ன் வரைக்கும் வந்தது. வெளியே கதைப்பதில்லை என்று கையொப்பம் வைத்த தாள் வேலையிடத்துக் கோப்பில் இருந்தது. அவர் அதை மறக்கவில்லை.

றொய்சன் காதில் ஹெட்செற்றோடு சாப்பாட்டு மேசையில் இருந்தான். இழுவை வாகனக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஆள் அனுப்பும் வேலை அவனுக்கு. "ஓம் கிளிபோட், எல்ஸ்மியரும் மார்க்கமும் சந்திக்கிற இடம், வெள்ளைக் கொறோலா. ஆள் கத்துறான் எண்டால் நீயும் கத்து, ஆனா காரைத் தூக்கு," என்று சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"அத்தான், ஏன் நிண்டுகொண்டு சாப்பிடுறியள்? கதிரை சுடுதோ?"

"ஒண்டுமில்லை."

"உங்கட ஒண்டுமில்லைக்கு நாலு கால் இருக்குமே. எலியோ?"

வேரோனிக்கா சிரித்தாள். நீக்கிலாஸ் சோற்றுக் கோப்பையை வைத்தார். "பதினாலாம் நம்பர் காலை உதைக்குது," என்றார்.

 றொய்சன் ஹெட்செற்றைக் கழற்றினான்.

"நடக்குதோ?"

"நடக்கேல்லை. நான் பையை அமத்தேக்க என்ர பெருவிரலைத் தள்ளுது. நல்ல பலம். எல்லாமா ஒன்பது எலி."

"அமத்தேக்க," என்றான் றொய்சன்.

"ஓம்."

றொய்சன் தன் முழங்காலைப் பார்த்தான். ஏதோ கேட்கப்போகிறவன் போல வாயைத் திறந்தான். பிறகு, "சரி," என்று மட்டும் சொன்னான்.

அன்றிலிருந்து நீக்கிலாஸ் கதவைத் திறக்குமுன்னமே கேள்வி வரும். "ஸ்கோர் என்ன அத்தான்?" பதினான்கு எப்படி, பதினேழு சோர்ந்துவிட்டதா, மூன்று இன்றைக்கு எத்தனை தரம். நீக்கிலாஸ் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றபடி கொப்பியைப் பார்த்துச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பூசையால் வந்த வேரோனிக்கா, "பதினாலாம் நம்பருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான்," என்றாள்.

"எலிக்கோ?" என்றார் நீக்கிலாஸ்.

"எலிக்கில்லையப்பா. எலியில காட்டின மாதாவுக்கு. ஆவணியில மிட்லண்ட் கோயிலுக்கு யாத்திரை போகேக்க தம்பியையும் கூட்டிக்கொண்டு போறதெண்டு நேர்ந்தும் இருக்கிறன்."

"அக்கா, எலியையும் கூட்டிக்கொண்டு போவம். பஸ்ஸில சீற் மிச்சம்," என்றான் றொய்சன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் தன் கால் பெருவிரல்களையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் கிழமையில் நதீஷா சோர்ந்த முகத்தோடு எலி அறைக்கு வந்தாள். "வீடியோவில ஒண்டுமில்லை, அங்கிள். எல்லாம் சைபரும் ஒண்டும்தான்." நீக்கிலாஸ் அடுத்த கூட்டைத் திறந்தார். அவருக்குள் ஒரு பெருமிதம் எழுந்தது. கமரா கிழமைக்கு இரண்டு தரம் பார்க்கிறது. நான் பதினான்கு தரம் தொடுகிறேன். கமராவுக்குக் கை இல்லை. இவர்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரிகிறது. இந்த நினைப்போடு அவரால் ரயிலில் இருக்கக்கூட முடியவில்லை. இடம் இருந்தும் கதவருகே நின்றபடி வந்தார்.

றொய்சனும் நிம்மதியாக இல்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் கொம்பியூட்டரில் காளான்களைப் பற்றியே படித்தான். ஒரு வியாழக்கிழமை, பல் டொக்டரிடம் போவதாகச் சொல்லிச் சக்கரநாற்காலிக்கான பஸ்ஸைக் கூப்பிட்டு, நகருக்குள் போய்வந்தான். அங்கே சில தெருக்களில் காளான் கடைகள் சட்டத்துக்குப் பயப்படாமல் கதவைத் திறந்து வைத்திருந்தன. அவன் ஒரு சொக்லேற் கட்டி வாங்கினான். சனிக்கிழமை காலையிலும் மதியத்திலும், தசையைத் தளர்த்தப் போடும் குளிசையை விழுங்காமல் விட்டான். கால் அசைந்தால் குளிசை அதை மறைத்துவிடக்கூடாது என்பது அவன் கணக்கு. மூன்று மணிக்கு வேரோனிக்கா பாடகர் குழுப் பயிற்சிக்குப் போனதும் கட்டியில் பாதியைத் தின்றான்.

ஐந்தரை மணிக்கு, கெனடி நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்ற நீக்கிலாசின் போன் அடித்தது.

"அத்தான்... வாங்கோ."

"என்னடா?"

"கால் ஆடுது அத்தான்." பின்னால் எதுவோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. "நிப்பாட்டேலாமல் ஆடுது."

பஸ்ஸை விட்டுவிட்டு ரக்ஸி பிடித்தார். கதவைத் திறந்தபோது நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. றொய்சன் மேசைக்கடியில். உதட்டுக்குக் கீழே நாடி வெடித்து இரத்தம். இரண்டு கால்களும் பலகை போல விறைத்து நீண்டன, மடங்கின, ஒன்றன்மேல் ஒன்று கத்தரித்துக்கொண்டு மேசைக்காலை அடித்தன. அடித்துக்கொண்டே இருந்தன.

"சுவர் மூச்சு விடுது, அத்தான்," என்றான் றொய்சன். கண்கள் பெரிதாக இருந்தன. "எனக்குப் பயமாக் கிடக்கு."

நீக்கிலாஸ் முழங்காலில் விழுந்து அவனுடைய தொடைகளை இரண்டு கைகளாலும் அமத்திப் பிடித்தார். அமத்தியதும் கால் இன்னும் பலமாகத் துள்ளி அவருடைய பெருவிரலைத் தள்ளியது. கையைத் தளர்த்தினார். கொஞ்சம் தணிந்தது. மறுபடி பிடித்தார். மறுபடி அதே தள்ளல்.

அந்த உதை அவருடைய விரலுக்குத் தெரிந்த உதை. பதினான்காம் கூட்டு உதை. அளவில் மட்டும் பெரியது.

அவர் கையை எடுத்துவிட்டார். றொய்சனின் தலைக்குக் கீழே தன் கோட்டை மடித்து வைத்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வரும்வரை காலைத் தொடாமல் அவனுடைய கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கால்களை அடக்கினார்கள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய வெடிப்பு. றொய்சனுக்கு அந்த நோவும் தெரிந்திருக்கவில்லை. சொக்லேற் உறையைப் பார்த்த டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். செரட்டோனின் வராமற்போன பின் கீழேயுள்ள நரம்புகள் சும்மா இருப்பதில்லை, சிறு தொடுகைக்கும் துள்ளிவிழும் அளவுக்குக் கூருணர்வு கொண்டுவிடும். காளானில் உள்ள பொருள் அந்த நரம்புகளைத்தான் தட்டுகிறது. முள்ளந்தண்டு அடிபட்ட பலருக்கு அது கடும் தசை இழுப்பைக் கொண்டுவரும். அசைவுக்கும் இழுப்புக்கும் வித்தியாசம் இருக்கிறது.

டொக்டர் போனபின் நீக்கிலாஸ் கட்டிலருகே நின்றார்.

"இருங்கோ அத்தான்."

"என்ர வாயாலதான் உனக்கு இது வந்தது."

"இல்லை." றொய்சன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சலப்பை நிறைஞ்சா என்ர காலும் துள்ளும். பதினொரு வருசமாத் துள்ளுது. இந்த இழுப்பு, ஸ்பாசம், எண்டா என்ன எண்டு உங்களுக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும். அமத்தேக்கதான் உதைக்குது எண்டு நீங்கள் முதல் நாளே சொன்னனீங்கள்."

"சொன்னனான்."

"அமத்தாமல் உதைக்குதோ எண்டு நான் ஒரு கேள்வி கேட்டிருக்கவேணும். வாய் வரைக்கும் வந்தது." அவன் உதட்டைக் கடித்தான். "கேட்டால் நீங்கள் இல்லை எண்டு சொல்லிப்போடுவியள். அதுதான் கேக்கேல்லை."

வாசலில் வேரோனிக்கா நின்றாள். பாட்டுப் புத்தகம் இன்னும் கையில் இருந்தது. உள்ளே வந்து தம்பியின் நாடியிலிருந்த கட்டைத் தொட்டாள். "இனி உனக்கு நேராத் திரி கொளுத்திறன். எலி வேண்டாம்," என்றாள். றொய்சன் சிரிக்கப் போய் நாடி நொந்து நிறுத்தினான்.

ஞாயிறு காலையும் எலிகள் காத்திருந்தன. நீக்கிலாஸ் இருபத்துநான்கையும் வடித்தார். ஒன்பது எலிகள் உதைத்தன. திங்கட்கிழமை கொப்பியை எடுத்துக்கொண்டு நதீஷாவிடமும் அவளுடைய பேராசிரியரிடமும் போய், நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். உதையை அசைவென்று நினைத்ததை. அதை வீட்டில் சொன்னதை. வீட்டில் நடந்ததை. வேலை போய்விடும் என்று எண்ணித்தான் போனார். போகட்டும் என்று எண்ணியபடி கொப்பியை நீட்டினார்.

பேராசிரியர் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். வெளியே கதைத்ததற்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கொப்பியின் பக்கங்களைப் பிரதி எடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டினார்கள்; இனி எழுதுவதையும் அப்படியே ஒட்டிவைக்கச் சொன்னார்கள். தாளில் ஐந்தாவதாக ஒரு நிரல் சேர்ந்தது: கால். இலக்கங்களைக் கேட்டுவிட்டதால் நதீஷா இனிப் புள்ளி போடமுடியாது. அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவளுக்கு அது பெரிய இழப்பு.

"அண்டைக்கு நான் காதைப் பொத்தாமல், 'அமத்தேக்கயோ?' எண்டு ஒண்டு கேட்டிருக்கலாம்," என்றாள் அவள். "ஆக்களுக்கு இந்த மருந்து இழுப்பைக் கொண்டுவரும் எண்டு நானே வாசிச்சனான், அங்கிள். பையை வடிச்சுப்போட்டுப் படம் எடுத்தால் கமராவில எப்பிடித் தெரியும்?"

"எனக்கு இரண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியேல்லை, பிள்ளை."

பிரித்துப் பார்க்கக் காட்டியவன் றொய்சன். மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கட்டில்லாத இடது காலை நாற்காலி விளிம்புக்கு இழுத்து வைத்தான்.

"இதில அமத்துங்கோ. முழங்காலுக்கு மேல."

"வேண்டாமடா."

"குளிசை போட்டிருக்கிறன். அமத்துங்கோ." கால் துள்ளியது. "இப்ப விட்டுட்டுப் பத்து எண்ணுங்கோ. திருப்பி அமத்துங்கோ." மறுபடி, அதே துள்ளல். "பாத்தீங்களோ? ஒரே அளவு, ஒரே திசை. இருபது தரம் அமத்தினாலும் இப்பிடித்தான். நினைச்சு ஆட்டுற கால் இப்பிடி வராது. அது பிந்தும், களைக்கும், ஒருக்கா வரும் ஒருக்கா வராது." தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்தான். "இது ஏமாத்தாது. நாங்கள்தான்."

நீக்கிலாஸ் அந்த முறையை எலி அறைக்குக் கொண்டுபோனார். அழுத்து, விடு, பத்து எண்ணு, அழுத்து. பதினான்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதைத்தது. பதினேழும் மூன்றும் அப்படியே. ஐந்தாம் நிரலில் ஒன்பது இலக்கங்களுக்கும் நேரே ‘இழுப்பு’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை எழுதினார். ஒவ்வொரு தரமும் பேனா கொஞ்சம் தயங்கியது.

வீட்டில் றொய்சன் ஸ்கோர் கேட்பதை நிறுத்தியிருந்தான். அது நீக்கிலாசுக்கு முதலில் நிம்மதியாகவும் பிறகு நிம்மதிக் கேடாகவும் இருந்தது. கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, யாரும் ஒன்றும் கேட்காத வீட்டுக்குள் நடந்தார்.

ஆறாம் கிழமை வியாழக்கிழமையோடு ஆய்வு முடியும். அன்று எலிகளைக் கொன்று முள்ளந்தண்டை எடுத்துப் பார்ப்பார்கள். பிறகுதான் உறை திறக்கும். திங்கள் பின்னேரம் நீக்கிலாஸ் இருபதாம் கூட்டைத் திறந்தார். கொப்பியில் ஒரு புள்ளிகூட இல்லாத எலி அது. கூட்டின் கம்பித்தட்டில் அதன் இடது பின்னங்கால் சிக்கியிருந்தது. அவர் கை நீட்டுமுன், அவர் பார்த்துக்கொண்டிருக்க, அது காலை இழுத்து எடுத்துக்கொண்டது.

அவர் தொடவில்லை. பத்து எண்ணினார். அதே காலைக் கம்பியில் மெதுவாக வைத்தார். எதுவும் நடக்கவில்லை. முப்பது எண்ணினார். மூக்கை ஆட்டிக்கொண்டிருந்த எலி, பிந்தி, பாதி தூரம் இழுத்துவிட்டுக் களைத்துப்போய் நின்றது. மூன்றாம் தரம் வரவேயில்லை. பிறகு பையை அழுத்தி வடித்தார். கால் உதைக்கவில்லை.

ஐந்தாம் நிரலில் கண்டதைக் கண்டபடி எழுதினார். இரண்டு தரம், அழுத்தாமல், ஒரே அளவில்லை. அது மருந்து பெற்ற எலியா, உப்புநீர் பெற்ற எலியா, காயம் குறைவாகப்பட்ட எலியா என்பது அவருக்குத் தெரியாது. தாளை நதீஷாவின் மேசையில் போடாமல், புதிதாகப் புள்ளி போடுபவருக்கும் காட்டாமல், சொல்லியிருந்தபடி உறையில் போட்டு ஒட்டினார். செவ்வாயும் புதனும் இருபதின் முன் நின்று பார்த்தார். செவ்வாய் இல்லை. புதன் ஒருதரம்.

புதன் பின்னேரம் வீட்டில் மீன்குழம்பு. வேரோனிக்கா கோப்பையை நீட்டினாள். "இருங்கோவன் அப்பா. ஏன் நிக்கிறியள்?"

"இருக்கிறன்," என்றார். இருக்கவில்லை.

றொய்சன் ஹெட்செற்றைக் கழற்றி மேசையில் வைத்தான். அவரை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கோப்பையைப் பார்த்தான்.

"சொல்லாதேங்கோ அத்தான்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"உங்கட முகம் சொல்லுது. நாளைக்கு எல்லாம் முடியட்டும். உறையைத் திறக்கட்டும். அதுக்குப் பிறகு சொல்லுங்கோ, எது எண்டாலும்."

"எது எண்டாலுமோ?"

"ஓம்." அவன் சோற்றைப் பிசைந்தான். "இந்த முறை நான் கேள்வி கேப்பன்."

மேசைக்கடியில் அவனுடைய இடது முழங்கால் துள்ளத் தொடங்கியது. கோப்பைகள் சிணுங்கின. வேரோனிக்கா தண்ணீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் காலைத் தொடவில்லை. நீக்கிலாஸ் மனதுக்குள் எண்ணினார். பத்தில் நிற்கவில்லை, இருபதில் நிற்கவில்லை. இருபத்தாறில் அடங்கியது.

அவர் கதிரையை இழுத்து, றொய்சனுக்கு எதிரே இருந்து, சாப்பிடத் தொடங்கினார்.